வடைமாலை போட்ட எல்லைக்கல்

முப்பத்தொரு வருடம் கல் நட்டுச் சோறு தின்றவன் நான். அருப்புக்கோட்டைப் பக்கம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு எல்லைக்கல்லைப் பார்த்தால் அதை நட்டவன் யோக்கியனா, பக்கத்து வயல்காரன் அதை எத்தனை முறை அசைத்துப் பார்த்திருக்கிறான் என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் இலங்கையில், மாங்குளத்தில் ரயிலைவிட்டு இறங்கினேன்.

தோளில் ஒரு பை. கையில், போர்வையில் சுற்றிய குத்துவிளக்கு. எங்கள் ஊர் அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த யோகேஸ்வரி, ஆறு வருடத்துக்கு முன்பு துணுக்காய்ப் பக்கம் தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிவிட்டார். முகாமில் தையல் மெஷின் வைத்திருந்தவர். அவர் போன பிறகு தைத்த எந்த ரவிக்கையும் சரியில்லை என்று என் மனைவி இன்னமும் புலம்புகிறாள். இப்போது அங்கே புது வீடு கட்டி முடித்து ‘குடிபூரல்’ என்று அழைப்பு வந்திருந்தது. நம் கிரகப்பிரவேசம்தான். மனைவிக்கு முழங்கால் வலி. “விளக்கு போயாகணும். தூக்கிட்டுப் போறதுக்கு நீங்க போனாப் போதும்” என்று அனுப்பிவைத்தாள். என் மரியாதை அவ்வளவுதான்.

மாங்குளத்தில் ஏறிய பஸ், பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. இருபுறமும் காடு; செம்மண் புழுதி. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் டிரைவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கியிருப்பார்கள். இங்கே ஜனங்கள் அமைதியாக இறங்கி, சாலையோரமிருந்த ஒரு சின்னத் தகரக் கூரையை நோக்கி நடந்தார்கள். ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்தார்.

“ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. வைரவர்தான் காப்பாத்தினவர்” என்றார் என்னிடம். நம் பைரவரைத்தான் சொன்னார்.

நானும் கும்பிடப் போனேன். கூரைக்கு அடியில், சிமெண்ட் மேடைமேல், விபூதிப் பட்டையும் குங்குமமும் பூசிய கருங்கல் ஒன்று. கழுத்தளவுக்கு வடைமாலை. கை தூக்கியவன் பாதியில் நிறுத்திவிட்டேன். கல்லின் நாலு முகமும் உளியால் சமன்படுத்தியவை. உச்சியில் அம்புக்குறி, அதன் கீழே தேய்ந்த ஒரு எண். சந்தேகமே இல்லை, அது வைரவரில்லை. சர்வே கல்.

பின்னால் ஒரு பலகை இருந்தது, மூன்று மொழியில். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கும் கிராமத்துக்கும் எல்லை அளந்தபோது, அளவுக்கு ஆதாரமாக இந்த இடத்தில் நட்ட கல் இது என்று எழுதியிருந்தது. எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, காட்டு எல்லைக் கல்லைச் சாலையோரம் நட எந்த அளவையனுக்கும் புத்தி பேதலித்திருக்காது. இரண்டு, கல் குட்டை. இந்த மாதிரிக் கல்லில் மண்ணுக்கு மேலே தெரிவதைப் போல் இரண்டு பங்கு உள்ளே இருக்க வேண்டும். மேடையின் உயரத்துக்கு அது கணக்கில் வரவில்லை. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வடை வாசனை அப்படி.

டயர் மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். யோகேஸ்வரியின் தம்பி சிவநேசன் டிராக்டரோடு வந்து என்னையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர். ஒரு கால் லேசாக இழுக்கும். பேச்சுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

“பலகை பாத்தனீங்களே, அத்தான்? எங்கட ஊர்ச் சங்கம் வைச்சது. நான்தான் செயலாளர்” என்றார். அக்காவுக்கு என் மனைவி அக்கா; ஆகவே நான் ஊருக்கே அத்தான்.

“பலகை சரி. கல்லு எங்கிருந்து வந்துச்சு?”

“அக்காட வயலுக்கு அங்கால, காட்டோரம் நிண்டது. பள்ளிக்கூடப் பிள்ளையள் பாக்க வேணுமெண்டால் யானை திரியிற இடத்துக்கு எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது? அதுதான் ட்ரக்டரில சங்கிலி பூட்டி இழுத்து றோட்டுக்குக் கொண்டந்தனாங்கள்.”

பெருமையோடு சொன்னார். என் தொழில் வாழ்க்கையில் கல்லைப் பிடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் அதைத் திருட்டுத்தனமாகச் செய்வார்கள். இரண்டு அடி நிலத்துக்காகச் செய்வார்கள். மீந்த கல்லில் துணி துவைப்பார்கள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று பிடுங்கி, பலகையும் எழுதி வைத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

“இந்த இடம்னு பலகையில எழுதியிருக்கே?”

“கல்லு இப்ப இந்த இடத்திலதானே இருக்கு?” என்றார் சிவநேசன்.

மறுநாள் காலை குடிபூரல். பசுவும் கன்றும் வாசலில் வந்து நின்று உள்ளே வர யோசித்தன. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. என் மனைவியின் விளக்கை நடுவீட்டில் வைத்து ஏற்றிய யோகேஸ்வரி, “அக்கா வந்த மாதிரி இருக்கு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தூக்கி வந்த தோள்வலியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், மோர்மிளகாய், பாயசம். சாம்பார் இல்லையே என்று முகாமில் பழகிய நாக்கோடு யோகேஸ்வரியே என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அந்தப் பால்கறி போதும். மூன்று முறை வாங்கினேன்.

பந்தி முடிந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. காட்டோரமாக யானை வேலி போடப் போகிறார்கள். வேலி பழைய எல்லைக் கோட்டிலேயே வர வேண்டும். கோட்டைக் குறித்துக் கொடுக்க வெள்ளிக்கிழமை அளவையாளர் வருகிறார். வேலிக்காகப் பற்றைப் புதர்களை எல்லாம் டோசர் விட்டுத் தள்ளிக் கொளுத்தி, அகலமான ஒரு பட்டையாக வெட்டவெளியாக்கியும் விட்டார்கள். கோடு அந்தப் பட்டைக்குள் எங்கே ஓடுகிறது என்பதற்கு யோகேஸ்வரியின் வயலோரத்தில் இருந்த ஒரே அடையாளம், இப்போது வடைமாலை போட்டுக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறது.

“அதுக்கென்ன, குத்துமதிப்பாப் போட்டுக்குவாங்க” என்றேன்.

“கிணறு அங்கதானே, அத்தான்” என்றார் யோகேஸ்வரி.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வயலின் வடக்குத் தலைப்பில் கல்கட்டுக் கிணறு. மூன்று வருடத்துக்கு முன்பு வெட்டியது. கோடையில் அவருடைய கச்சான் என்கிற நிலக்கடலையும் வெங்காயமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. எட்டிப் பார்த்தேன். நல்ல தெளிந்த நீர். என் வழுக்கை தெரிந்தது. கிணற்றுக்கும் டோசர் தள்ளிய பட்டைக்கும் நடுவே வரப்பென்று ஒன்று இல்லை. கோடு கொஞ்சம் தெற்கே இறங்கினாலும் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

“யானைக்குத் தண்ணி வைச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்று சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

கல் நின்ற இடம் எது என்று கேட்டேன். சிவநேசன் ஓர் இடத்தைக் காட்டினார். சங்கிலி பூட்டிய அன்று கூட இருந்தவர் வேறோர் இடத்தைக் காட்டினார். பக்கத்து வயல்காரர் இருவரையும் மறுத்து மூன்றாவதாக ஓர் இடத்தில் போய் நின்றார். சிவநேசன் சொல்வது சரியென்றால் கிணறு தப்பும். மற்ற இரண்டில் எது சரியானாலும் போய்விடும். தம்பி பேச்சை யார் ஏற்பார்கள்? கல்லைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றாலும் எங்கே நடுவது? அதுவுமில்லாமல் வைரவரைப் பிடுங்க ஊரில் எவனும் கை வைக்க மாட்டான். வெள்ளிக்கிழமைதோறும் இப்போது பூசையாம்.

இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“கவலைப்படாதம்மா. கல்லு போனா என்ன, சாட்சி கீழே இருக்கும்” என்றேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னது: முக்கியமான எல்லைக்கல்லுக்கு அடியில் ஒரு கூடை அடுப்புக்கரியைப் போட்டுத்தான் நட வேண்டும். கரி மக்காது, கரையான் தின்னாது. கல்லை எவன் பிடுங்கினாலும் தோண்டிப் பார்த்தால் கரி சொல்லும். நானே அப்படி இரண்டு கேஸ் தீர்த்திருக்கிறேன். இதை நான் விவரித்த தோரணையில், யோகேஸ்வரி எனக்கு இன்னொரு கோப்பை பாயசம் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் காலை மண்வெட்டி, அலவாங்கு சகிதம் போனோம். நம் கடப்பாரைக்கு இங்கே அந்தப் பெயர். “கண்ணிவெடி எல்லாம் எடுத்துத் துப்பரவாக்கின காணிதான், பயப்பிடாதேங்கோ. அந்தப் பாலை மரத்துக்கு அங்கால மட்டும் போகாதேங்கோ” என்றார் சிவநேசன். அதன் பிறகு நான் ஒவ்வொரு அடியையும் அவர் கால் வைத்த தடத்திலேயே வைத்தேன்.

சிவநேசன் காட்டிய இடத்தில் ஒன்றரை அடி தோண்டியதுமே கரி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். யோகேஸ்வரி கைகூப்பிக் காட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

சங்கிலி பூட்டிய அன்று கூட இருந்தவர் விடவில்லை. “நான் சொன்ன இடத்தையும் ஒருக்காத் தோண்டுங்கோவன்” என்றார். நியாயம்தான். தோண்டினோம். அங்கேயும் கரி.

மீசையிலிருந்து கையை எடுத்தேன். டோசர் தள்ளியதைக் கொளுத்திய கரி. அதற்கு முன்பு காடு எரிந்த கரி. அதற்கும் முன்பு சண்டை. இந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் கரி இருக்கும் என்பது இங்கே இருக்கிற ஆடு மேய்ப்பவருக்குக்கூடத் தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து போன எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் கரி ஒரு அபூர்வம். அதனால் அது சாட்சி. இங்கே எதற்கென்று அது சாட்சி சொல்லும்? வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பறித்த வெட்கம்.

பக்கத்து வயல்காரர் காட்டிய மூன்றாவது இடம் மற்ற இரண்டையும்விடத் தெற்கே, வயலுக்கு உள்ளேயே இருந்தது. கடமைக்காகத்தான் தோண்டினார் சிவநேசன். அங்கேயும் கரி, இன்னும் கனமாக. அதோடு ஓட்டுத் துண்டுகள். பிறகு மண்வெட்டி எதிலோ உரசி நின்றது. கையால் மண்ணை விலக்கினோம். சிமெண்ட். ஒரு வாசற்படியின் விளிம்பு. அதன் ஓரத்தில் வட்டம் வட்டமாக, சோடா மூடிகளைப் பதித்துப் போட்ட ஒரு பூ. மூடிகள் துருப்பிடித்து உதிர்ந்து, பல்விளிம்பு அச்சுகள் மட்டும் மீந்திருந்தன.

யோகேஸ்வரி குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

“இது நான் போட்டது” என்றார். “சீமெந்து காயுறதுக்கு முன்னம் போட்டனான். அவர் பேசினவர், ஏன் பிள்ளையள் மாதிரி விளையாடுறாய் எண்டு.” அவர் என்று சொன்னது கணவரை. அவர் முகாமிலேயே இறந்துபோனவர். அவருடைய காரியத்துக்கு நானும் போயிருந்தேன்.

யோகேஸ்வரி ஒரு கரித்துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் ஆணித்துளை இருந்தது. “வீடு எரிஞ்சு போச்சு எண்டு சனம் சொல்லிக் கேட்டதுதான். திரும்பி வந்து பாத்தால் ஒரே பத்தை. எங்க நிண்டது எண்டே தெரியேல்லை” என்றார். பிறகு, “நானும் தேடேல்லை, அத்தான். தேட மனம் வரேல்லை” என்றார்.

அழுகிற மனிதர் முன்னால் எந்த அளவையனுக்கும் வேலையில்லை. குழிமேட்டில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சிவநேசன்தான் பேசினார். “அக்கா, நான் ஒண்டு சொல்ல வேணும்.” “கல்லு முழுசா வரேல்லை. இழுக்கேக்க முறிஞ்சு போச்சு. அடிப்பாதி உள்ளுக்கதான் கிடக்கு. சங்கத்தில ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு பயந்து, கூட நிண்டவர் ட்ரக்டரோட போன பிறகு மூடிப்போட்டு வந்தனான். எந்த இடமெண்டு எனக்கும் வடிவாத் தெரியாது. உங்கட கிணறு தப்பட்டும் எண்டுதான் அந்த இடத்தைக் காட்டினனான்.”

பஸ் நின்ற அன்று கல் குட்டையாகத் தெரிந்தது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. கோபமும் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் தம்பியைத் திட்டவில்லை. “இவ்வளவு நாளும் இதை வைச்சுக்கொண்டே சாப்பிட்டனீ?” என்று மட்டும் கேட்டார். சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அடிக்கல்லு இருந்தாக் கிடைச்ச மாதிரி” என்றேன். “ஆனா இவ்வளவு பெரிய இடத்துல எங்கேன்னு குத்துறது? பழைய காகிதம் ஏதாவது இருக்கா?”

இருந்தது. இடம்பெயர்ந்த சனம் எதை விட்டாலும் காகிதத்தை விட மாட்டார்கள் என்பதை முகாமிலேயே பார்த்திருக்கிறேன். மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி, கடல் தாண்டிப் போய், மறுபடி கடல் தாண்டி வந்த காணிப் பேர்மிட் என்ற நில அனுமதிப் பத்திரம். பின்னால் ஒரு கைப்படம். அந்தக் காலத்து அதிகாரி யாரோ பென்சிலால் வரைந்தது. வடக்கே கல், அதிலிருந்து பாலை மரத்துக்கு இருநூற்றுப் பத்தடி, வீட்டு வாசற்படிக்கு நூற்றறுபது அடி.

அந்த அதிகாரி யாரோ, அவர் கைக்கு மோதிரம் போட வேண்டும். மரம் இருக்கிறது, உச்சி முறிந்து நிற்கிறது. அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தூரத்தை வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், அவ்வளவுதான். இரண்டாவது புள்ளி வேண்டும். அது இத்தனை வருடமும் மண்ணுக்கடியில், யாரும் தேடாமல் கிடந்த அந்தப் படிதான்.

இரண்டு நைலான் கயிறுகளை அளந்து வெட்டினேன். ஒன்றின் நுனியை மரத்தடியில் சிவநேசன் பிடித்துக்கொண்டார். இன்னொன்றின் நுனியை, சோடா மூடிப் பூவின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு யோகேஸ்வரி உட்கார்ந்தார். மற்ற இரு நுனிகளையும் இழுத்துக்கொண்டு வடக்கே நடந்தேன். இரண்டும் விறைத்து ஒன்றையொன்று தொட்ட இடத்தில் அலவாங்கை இறக்கச் சொன்னேன். முதல் குத்தில் மண். இரண்டாவதும் மண். ஒரு சாண் தள்ளிக் குத்தியதில் ‘ணங்’ என்றது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். இன்னொரு முறை குத்தச் சொல்லிக் கேட்டேன்.

மண்ணை விலக்கினோம். நாலு முகமும் உளிபட்ட கருங்கல், மேல்பக்கம் முறிந்த வெள்ளைக் காயத்தோடு, அசையாமல் நின்றது. அங்கிருந்து கிணற்றுக்கு இருபத்தெட்டு அடி. கிணறு இந்தப் பக்கம், யானை அந்தப் பக்கம்.

பக்கவாட்டில் இன்னும் ஒரு முழம் தோண்டி, கல்லின் அடியையும் பார்த்தேன். ஒரு பொட்டுக் கரி இல்லை. இந்த ஊரில் அந்த வழக்கமே கிடையாது போலிருக்கிறது. “கரிக் கதையை உங்க கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், யோகேஸ்வரி உட்பட. அன்று மத்தியானம் குளத்து மீன் குழம்பும் குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டும். பக்கத்து வயல்காரர் தான் காட்டிய இடத்தால்தான் எல்லாம் கிடைத்தது என்று நாலு முறை சொன்னார். அதுவும் உண்மைதான்.

மறுநாள் வியாழக்கிழமை மழை. குழியில் தண்ணீர் நிற்காமலிருக்க சிவநேசன் தகரம் கொண்டுபோய் மூடிவிட்டு வந்தார், நனைந்தபடி. அக்காவும் தம்பியும் சமையலறையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவுமில்லை.

வெள்ளிக்கிழமை அளவையாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், வவுனியாக்காரர், முக்காட்டின் மேல் தொப்பி. முக்காலியை நட்டு, கருவியைத் திருப்பி, காகிதத்தையும் முறிந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் இந்தத் தொழில்தான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். வேலை நேரத்தில் ஓய்வு பெற்றவர்கள் வந்து நிற்பது எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில், “இதுதான் கல். சரியா நிக்குது. யார் கண்டுபிடிச்சது?” என்றார்.

“அக்காட வாசற்படி” என்றார் சிவநேசன். பிறகு தானாகவே, கல்லை முறித்தது தான்தான் என்பதையும் சொன்னார். பலகையில் ‘இந்த இடத்தில்’ என்று இருப்பதை மாற்றி எழுதப் போவதாகவும் சொன்னார். வைரவரை மட்டும் அசைக்க முடியாது என்றார். அளவையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முறிந்த அடியை எடுத்துவிட்டு அதே குழியில் புதுக் கல் நடலாம் என்றார்.

அடிக்கல்லை எடுத்துக் குழியைச் சமன் செய்தார்கள். புதுக் கல்லை இருவர் தூக்கினார்கள்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார் யோகேஸ்வரி.

கையில் ஒரு பால்மா டின் வைத்திருந்தார். மூடியைத் திறந்து, குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு, உள்ளே கொட்டினார். கரி. ஆணித்துளை போட்ட துண்டும் அதில் இருந்தது. கையாலேயே பரப்பிவிட்டார், அடுப்பில் தணல் பரப்புவதுபோல. என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்கட ஊர் வழக்கம் நல்ல வழக்கம், அத்தான்” என்றார்.

அளவையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா அது?” என்று கேட்டார்.

“வீடு, பிள்ளை” என்றார் யோகேஸ்வரி. “இனி வையுங்கோ.”

கல்லை இறக்கினார்கள்.